ஒரு சேலை எடுக்கணும்

காலை 7.10. பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் பேருந்து கிளம்பியபோது என் மடியில் ஒரு பழைய பெட்டிக் கேமரா. மேல்மூடியைத் திறந்து, குனிந்து, கண்ணாடியில் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். ஒரு பிலிம் ரோலுக்குப் பன்னிரண்டே படம். முந்தின நாள் இரண்டு ரோல்களை மேஜையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யோசித்தேன். கலர் ஆயிரத்து இருநூறு ரூபாய்; வெளிச்சமும் நிறையக் கேட்கும். கறுப்பு வெள்ளை எண்ணூற்றைம்பது. மங்கலான இடத்திலும் எடுக்கும். பழைய லென்சுக்குக் கறுப்பு வெள்ளைதான் எடுப்பு என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, கலரை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

என்னோடு வேலை பார்க்கும் கவிதாவின் அக்கா சுகுணா, பிள்ளையார்பாளையத்தில் கணவர் ஏகாம்பரத்தோடு பட்டு நெய்கிறார். இருபது வருடமாக யாரோ வரைந்த டிசைனையே நெய்தவர், முதல் தடவையாகத் தாமல் ஏரியில் பார்த்த நாரைகளைத் தானே வரைந்து சேலைக் கரையில் வைத்திருக்கிறார். அந்தச் சேலை அன்று பன்னிரண்டு மணிக்குத் தறியிலிருந்து இறங்கி முதலாளியிடம் போய்விடும். பிறகு யார் வீட்டுப் பீரோவில் கிடக்குமோ தெரியாது. போனில் எடுத்தால் அரக்கு நிறம் ரோஸாக வருகிறதாம். கவிதா வீட்டுச் சுவரில் நான் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி தன் சேலைக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்.

8.50. காஞ்சிபுரம் பேருந்து நிலையம். "பட்டு எடுக்கவாம்மா?" என்றார் ஆட்டோக்காரர். கேமராவை நினைத்துக்கொண்டு, "ஆமா, ஒரு சேலை எடுக்கணும்" என்றேன். நேராகக் காந்தி ரோட்டில் ஒரு பெரிய கடை வாசலில் நிறுத்தினார். உள்ளே பாய் விரித்து, தண்ணீரும் கொடுத்துவிட்டார்கள். இந்த ஊரில் எடுப்பது என்றால் வாங்குவது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. போட்டோ எடுக்க வந்தவள் என்று சொன்னதும் ஆட்டோக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் விட்டுவிட்டு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

9.30. தறியில் சுருட்டியது போக இரண்டு முழம் வெளியே தெரிந்தது. அரக்கு உடல், கரும்பச்சைக் கரை, கரை நெடுக ஜரிகை நாரைகள். கேமராவின் மூடியைத் திறந்து காட்டினேன். சுகுணா குனிந்து பார்த்து, "கலர் அப்படியே இருக்குதும்மா" என்று பூரித்துப் போனார். படம் கறுப்பு வெள்ளையில் வரும் என்று மெல்லச் சொன்னேன்.

சுகுணா நிமிர்ந்தார். "அப்போ அரக்கு எப்படி வரும்? பச்சை எப்படி வரும்?"

அதை நான் யோசிக்கவே இல்லை. போனைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றித் தறிக்கு நேரே பிடித்தேன். கரையைக் காணோம். உடலும் கரையும் ஒரே சாம்பலாக இருந்தன.

"ரெண்டு பேரு உக்காந்து கோர்வை போட்டு நெய்ஞ்சது. இதுல ஒரே துணியா இருக்குதே" என்றார் சுகுணா. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று இழைக்கு இழை கோத்து நெய்வதுதான் கோர்வை. இந்த ஊரின் பெருமையே அதுதான். என் ரோல் அதை ஒரு நொடியில் அழித்துவிட்டது. எனக்கு மிகவும் வெட்கமாகப் போயிற்று. ஊரிலுள்ள இரண்டு ஸ்டூடியோவுக்குப் போன் செய்து கலர் ரோல் கேட்டேன். அப்படி ஒரு ரோலைப் பார்த்தே பல வருடம் ஆகிறது என்றார்கள்.

லென்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி வைத்தால் சிவப்பு வெளுக்கும், பச்சை கறுக்கும். அதையும் நான் எடுத்து வரவில்லை. சொன்னதுமே ஏகாம்பரம் பரண்மேல் ஏறினார். திருவிழாவில் விளக்குகளுக்குக் கட்டியது போக மிச்சமிருந்த சிவப்புக் கண்ணாடித்தாளோடு இறங்கினார். போன் முன்னால் பிடித்துப் பார்த்தோம். கரை கருகருவென்று தனியாக நின்றது. அதில் நாரைகள் மின்னின.

11.15. இன்னொரு சங்கடம். அந்தத் தாள் வெளிச்சத்தைக் குடித்துவிடுவதால், லென்சை எட்டு நொடி திறந்து வைக்க வேண்டும். கேமராவை ஸ்டூலில் வைத்தால், பக்கத்து வீட்டுத் தறிகள் போடும் போட்டில் ஸ்டூலே அதிர்ந்தது. சுகுணா ஜன்னல் வழியே குரல் கொடுத்தார்: "யக்கா, கொஞ்சம் தறிய நிறுத்து. இங்க சேலை எடுக்கறாங்கோ."

இரு பக்கமும் தறிகள் நின்றன. நின்ற கையோடு மூன்று பெண்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள், எடுப்பது யார், என்ன விலைக்கு என்று பார்க்க. சுகுணா உதட்டில் விரல் வைத்தார். எட்டு வரை எண்ணினேன். இப்படி நான்கு படம்.

பன்னிரண்டுக்குச் சேலையை அறுத்து மடித்தார்கள். ஏகாம்பரம் அதை எடுத்துக்கொண்டு வண்டியில் கிளம்பினார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நான்தான் வாசலில் நின்றேன். சுகுணா டீ போடப் போய்விட்டார்.

திரும்பும் பேருந்தில் எங்கள் குடியிருப்பை நினைத்துக்கொண்டேன். மேல்வீட்டு மிக்சியை எட்டு நொடி நிறுத்தச் சொன்னால் எங்கள் சங்கத்தில் கூட்டம் போட்டுவிடுவார்கள்.

அந்த வாரமே ரோலைக் கழுவினேன். மூன்றாவது படம் ஆடாமல் வந்திருந்தது. பிரிண்ட் போட்டுக் கவிதாவிடம் கொடுத்தனுப்பினேன். பத்து நாள் கழித்துச் சுகுணா போனில் கூப்பிட்டார்.

"அரக்கு ஏம்மா இப்படி வெளுத்துக்கினு இருக்குது? சாயம் போட்டவரு பாத்தா அழுதுடுவாரு" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "அந்தச் சேலைய யாரோ எடுத்துக்கினு போயிட்டாங்களாம்மா. நாம எடுத்தது இங்கயே இருக்குது."