அடையாள அட்டை எண் இல்லாதவர்கள்

மாத்தளையில் மிளகும் கராம்பும் ஏற்றுமதி செய்த எங்கள் கம்பெனி வளர்ந்ததால், கணினியின் பழைய தரவுத்தள மென்பொருளை மாற்றினோம். மாற்றியவன் நான்தான். மறுநாள் காலை ஊழியர் பட்டியலைத் திறந்ததும் திகைத்துப்போனேன். இரத்தோட்டைத் தோட்டங்களிலிருந்து மிளகு புடைக்க வரும் பெண்களில் ஒருவர்கூட அதில் இல்லை. அடையாள அட்டை எண் இல்லாதவர்களைப் புதிய மென்பொருள் ஏற்கவில்லை. அந்தப் போர்க்காலத்தில் அட்டை இல்லாமலா இவர்கள் தினமும் சோதனைச்சாவடியைத் தாண்டி வந்தார்கள்? குடியுரிமை கிடைக்காத தோட்டக் குடும்பத்தினர் இவர்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவர்களில் மூத்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“அதுலயும் நாங்க இல்லையாங்க, சார்?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

அன்றே பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டேன். அவர்கள் எல்லோருக்கும் அட்டை கிடைக்கும்வரை முதலாளியும் அதை மாற்றச் சொல்லவில்லை.