பொடியக்காவின் விரல்

தொட்டிக்குள் சுட்டுவிரலை விட்டு மெல்லத் தூக்குகிறார் பொடியக்கா. விரல்நுனியிலிருந்து கரைசல் நூலாக இறங்குகிறது. முழ நீளம் வந்தும் அறவில்லை. "ம், பதம் வந்துடுச்சு. திறந்து விடு" என்கிறார் மோட்டார்காரரிடம்.

நீரேற்று நிலையத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்கு இதே வேலைதான். அவர் தொட்டியில் கரைக்கும் வெள்ளைப் பொடியின் கரைசலைக் குழாயில் கொஞ்சம் விட்டால் போதும், தண்ணீரின் உரசல் குறைந்துவிடும். இரண்டு பம்புகள் தள்ளுவதை ஏறக்குறைய ஒன்றே தள்ளும். ஆனால் ஒரு மணி நேரம் மெதுவாகக் கலக்க வேண்டும். அவசரப்பட்டால் பொடியின் கண்ணுக்குத் தெரியாத நீள இழைகள் அறுந்துபோகும்.

இந்த நிதானம் வீடுவரை தொற்றியிருக்கிறது. "டீயிலயும் பொடியா போட்டிருக்க? ஆறிப்போச்சும்மா, கலக்கினது போதும்" என்று கணவர் சீண்டுவார். நிலையத்தில் பொடி சிந்திய தரையில் யாராவது தண்ணீர் ஊற்றினால் தொலைந்தார்கள். "வழுக்கி விழுந்தா மாத்திக்க வீட்டுல வேற இடுப்பு வச்சிருக்கியா? துடைப்பத்தை எடு!"

அன்று காலை ஒரு பம்பு படுத்துவிட்டது. மேட்டு மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது: இரண்டு மணி நேரத்துக்குத்தான் தண்ணீர் இருக்கிறது, அறுவை சிகிச்சை நடக்கிறது.

"அக்கா, சீக்கிரம்!" என்று கத்தினார் மோட்டார்காரர்.

பொடியக்காவின் கை, இத்தனை ஆண்டுகளில் தொடாத வேகத்துக்குக் கலக்கியைத் திருகியது. பத்தே நிமிடம். விரலை விட்டுப் பார்க்கவில்லை. கரைசலைக் குழாயில் திறந்துவிட்டார்.

நீரோட்ட அளவுமானியின் முள் பாதியிலேயே நின்றது.

"என்னக்கா, ஏறவே மாட்டேங்குது?"

அப்போதுதான் விரலை நனைத்துத் தூக்கினார். சொட்டு. இன்னொரு சொட்டு. நூலே இல்லை. பச்சைத் தண்ணீர் போல விழுந்தது.

"நானா? நானேவா அறுத்தேன்?"

மோட்டார்காரர் குரலைத் தாழ்த்தினார். "பொடி மட்டம்னு சொல்லிடலாம்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

பொடியக்கா தொலைபேசியை எடுத்தார். "ஆஸ்பத்திரிங்களா? தப்பு என்மேலதான். வேகமா கலக்கிக் கெடுத்துட்டேன். இருக்கிற தண்ணிய ஆபரேஷனுக்கு மட்டும் வச்சுக்கங்க. ஒண்ணரை மணி நேரத்துல ஏத்திடறேன்."

தொட்டியைக் காலி செய்து புதுத் தண்ணீர் நிரப்பினார். கலக்கி மிக மெதுவாகச் சுழன்றது. பொடி அள்ளிய வலக்கை மறுபடியும் அவசரப்பட்டது. இடக்கையால் அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, சிட்டிகை சிட்டிகையாகத் தூவத் தொடங்கினார்.