பெருவிரல் கட்டு

ஜப்பான்காரன் காலத்தில் ஈப்போ நகரில் நான் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்தேன். சயாம் ரயில் பாதை போட ரப்பர்த் தோட்டத்து ஆட்களைப் பிடிக்க ஒரு படம் கேட்டான் அதிகாரி. வயிறாரச் சாப்பிட்டு மரத்தடியில் தூங்கும் தமிழனை வரைய வேண்டுமாம். அங்கே நம் சனம் கொத்துக்கொத்தாகச் செத்ததைத் தப்பிவந்த ஒருவன் சொல்லிக் கேட்டிருந்தேன்.

கேட்டபடியே வரைந்தேன். ஆனால் பிணத்துக்குக் கட்டுவதுபோல, தூங்குகிறவனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிவிட்டேன். அந்த முட்டாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதுகில் தட்டிக்கொடுத்தான்.

கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் ஒட்டியபோது ஒரு அக்கா தன் புருஷனைப் பிடித்து இழுத்தாள்.

"காலப் பாருங்க, பொணம்லா அது! போவாதீங்க!"

ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.

மறுவாரம் படமில்லாமலே வந்தார்கள். லாரியும் துப்பாக்கியும் போதுமாக இருந்தன.