கோல்டன் பாயிண்டும் டெல்வீனின் புல்வெட்டியும்

ஆஸ்திரேலியாவின் நிலக்கரி ஊரான செஸ்நாக்கில் ஒரு பேச்சு உண்டு. ஞாயிற்றுக்கிழமை ரக்பி லீக் ஆட்டம் எண்பது நிமிஷம் முடிந்தும் சமமாக நின்றால், அதைத் தெரிந்துகொள்ள டி.வி. வேண்டாம், ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும், டெல்வீன் பாஸ்கோவின் புல்வெட்டி மெஷின் உறுமுவது கேட்கும் என்பார்கள். பேச்சு அதோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. அவள் புல் வெட்டினால் நம் அணிக்குத்தான் ஜெயம் என்று அது வளர்ந்து, ஆகஸ்டு மாதத்துக்குள் ஊர் முழுக்க நடமாடத் தொடங்கிவிட்டது. பேக்கரியில் ஒருவர் அவள் கையைப் பிடித்து, தயவுசெய்து நடுவில் நிறுத்திவிடாதே என்று கேட்டுக்கொண்டாராம்.

விசாரித்துப் பார்த்ததில் முதல் பாதி உண்மை. அந்தப் பருவத்தில் அதுவரை நாலு ஆட்டம் சமமாகிக் கூடுதல் நேரத்துக்குப் போயிருந்தது. நாலு தடவையும் மெஷின் ஓடியிருக்கிறது. இரண்டாவது பாதிதான் இடிக்கிறது. நாலில் ஜெயித்தது இரண்டு, தோற்றது ஒன்று, எவனும் ஒன்றும் அடிக்காமல் சமமாகவே முடிந்தது ஒன்று. கிளப்பில் பீர் குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது, தோற்ற அன்றைக்கு அவள் சரியாக வெட்டவில்லை என்று பதில் வந்தது. வதந்தியோடு யார் வாதாடுவது?

அந்தப் பேச்சில் யாரும் சேர்க்காத விவரம் ஒன்று உண்டு. ஆகஸ்டு என்றால் இங்கே குளிர்காலம். டெல்வீனின் பின்புறத்தில் வெட்டுவதற்குப் புல்லே கிடையாது. அவள் மண்ணைத்தான் வெட்டிக்கொண்டிருந்தாள்.

புல்லுக்காக வெட்டவில்லை, சத்தத்துக்காக வெட்டினாள். அந்தக் கூடுதல் நேரத்தில் அக்கம்பக்கத்து ரேடியோவும் டி.வி.யும் காதில் விழக் கூடாது, அவ்வளவுதான்.

கோல்டன் பாயிண்ட் என்பது பத்தே நிமிஷம். யார் முதலில் ஒரு புள்ளி எடுத்தாலும் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. எதிரணி பதில் சொல்ல வழியில்லை. திடீர்ச் சாவு என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. குழந்தை குட்டியோடு வந்து மீட் பை சாப்பிடுகிற இடத்தில் சாவு என்று ஒலிபெருக்கியில் சொன்னால் நன்றாக இருக்காதென்றோ என்னவோ, தங்கம்தான் நிலைத்தது.

ஒரு புள்ளிக்குச் சுலபமான வழி, பந்தைக் கையிலிருந்து தரையில் போட்டு, அது எழும்பும் கணத்தில் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே மேலாக அனுப்புவது. இது இரண்டு அணிக்கும் தெரியும். ஆகவே ஓர் அணி முழுக்க ஒருவனிடம் பந்தைச் சேர்ப்பதற்காக மாரடிக்கும். இன்னோர் அணி முழுக்க அந்த ஒருவனைப் பார்த்தே ஓடிவரும். உதைக்கிறவனுக்குக் கண் பந்தில், ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில். நூறு கிலோ ஆசாமி ஒருவன் வந்து இடிப்பதற்கு இதைவிடத் தோதான கோலத்தில் ஒரு மனிதன் நிற்க முடியாது. நம் அணியில் அப்படி நிற்கிறவன் டேன் பாஸ்கோ. டெல்வீனின் ஒரே பையன்.

அவன் அப்பா க்வீன்ஸ்லாந்துச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். அணி ஜெயித்தால் மட்டும் பையனுக்கு ஃபோன் பண்ணுவார்.

டெல்வீனுக்கு வேலை பள்ளிக்கூட வாசலில், ரோட்டைக் கடக்கிற பிள்ளைகளுக்காக ‘நில்’ பலகையைத் தூக்கிப் பிடிப்பது. நிலக்கரி லாரி, ஒயின் குடிக்கப் போகிற சுற்றுலா பஸ் எல்லாம் அவள் பலகையைக் கண்டால் பெட்டிப் பாம்பாக நிற்கும். ஒரு கவுன்சிலரின் கார் நிற்காமல் போனபோது பலகையாலேயே அதன் முதுகில் ஒன்று போட்டாள். கவுன்சிலர் புகார் செய்தார். அடுத்த தேர்தலில் அவர் தோற்றதற்கு அதுதான் காரணம் என்று ஊரில் இன்னொரு வதந்தி. அதை விசாரிக்கவில்லை. எத்தனை சக்கரம் இருந்தாலும் நிறுத்திவிடுகிற அந்தப் பெண்ணுக்கு, தன் பையனை நோக்கி ஓடிவருகிற பதின்மூன்று பேரை நிறுத்தப் பலகை எதுவும் இல்லை.

பயம் அவன் விளையாடத் தொடங்கிய நாளிலிருந்தே உண்டு. எல்லா அம்மாக்களுக்கும் உள்ள பயம்தான், துணி துவைக்கிற அறைக்குள் போய் நின்றுகொண்டால் அடங்கிவிடும். அது வேறு பயமாக மாறியது ஜூலையில்.

அந்தப் பருவத்தில் டேனுக்குத் தலையில் இரண்டு தடவை அடி. இரண்டு தடவையும் கிளப் டாக்டர் பரிசோதித்து, ஆடவிடாமல் உட்காரவைத்து, பிறகு அனுமதித்தார். மூன்றாவது அடியை யாரும் பார்க்கவில்லை. ஒருவர்மேல் ஒருவராக விழுந்த குவியலுக்குள் யாருடைய முழங்காலோ தலையில் பட்டது. அவன் எழுந்து ஆடி முடித்துவிட்டான். மறுநாள் சாப்பிட அம்மா வீட்டுக்கு வந்தான். டெல்வீன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது, வாசல் நடையில் நாய்ச் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

“பிஸ்கட் எங்கம்மா? ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்.”

பிஸ்கட் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. குழி தோண்டியவனே அவன்தான்.

அவனே கையில் இருந்த சங்கிலியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போனது. அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் ரொம்ப நேரம் கெஞ்சினான். அக்டோபரில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், தலையில் அடி என்ற பேச்சு வந்தால் கிளப் கைகழுவிவிடும், தூக்கக் கலக்கத்தில் வந்த மறதி இது, வேறொன்றுமில்லை என்றான். டாக்டரிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தான். டாக்டரின் நம்பர் ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருந்தது. வீட்டாருக்கென்று கிளப் கொடுத்த காந்தத் தகட்டில், பார்க்கிங், டிக்கெட் நம்பர்களுக்குக் கீழே. பால் எடுக்கும்போதெல்லாம் அதன்மேல் கண் போயிற்று. பாலில்லாத காப்பிக்கு மாறிக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது கோல்டன் பாயிண்ட், பதினாலுக்குப் பதினாலில் வந்தது. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. டெல்வீன் கொட்டகையிலிருந்து மெஷினைத் தள்ளிவந்து கயிற்றை இழுத்தாள். தெரு ஒரு பெருமூச்சு விட்டு டி.வி.யின் பக்கம் திரும்பியது.

மூன்று சுற்று வந்திருப்பாள். மெஷின் இருமியது, திக்கியது, நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

அமைதியாகிவிட்டதும், மறைத்துவைத்திருந்த அத்தனை சத்தமும் ஒரே நேரத்தில் அவள்மேல் விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு வாஸின் ரேடியோ. எதிர்வீட்டு டி.வி. மூலைவீட்டுப் பையன்களின் ஃபோன். ரேடியோவில் வருவது டி.வி.யில் சற்றுப் பிந்தி வரும், ஃபோனில் அதற்கும் பிந்தி வரும். ஒரே ஆபத்து மூன்று தடவை வந்துபோவது போல இருந்தது.

வாஸ் ஹடில்ஸ்டன் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாத மனிதர். இந்த ஊர் அணிக்குப் பல வருஷம் முன்வரிசையில் தலையைக் கொடுத்து ஆடியவர். சேற்றில் நடந்த ஓர் இறுதி ஆட்டத்தையும், அதில் பாதி காது தொங்கிக்கொண்டே ஆடியதையும், வாரத்துக்கு மூன்று தடவை டெல்வீனிடம் புதிதாகச் சொல்கிறவர். அவளும் மூன்று தடவையும் புதிதாகக் கேட்பாள்.

“என்ன டெல்லு, நிறுத்திட்டே? ஊரே உன்ன நம்பி உக்காந்திருக்கு.”

“பெட்ரோல் இல்ல வாஸ்.”

அவர் போய்த் தன் சிவப்புக் கேனை எடுத்துவந்து வேலிக்கு மேலாகக் கொடுத்தார். எல்லாத்தையும் ஊத்திக்க, நாளைக்குத் திருப்பிக் கொடு போதும் என்றார். அவள் ஊற்றிய அவசரத்தில் பாதி மெஷினுக்குள்ளும் மீதி செருப்பின்மேலும் போயிற்று. கயிற்றை இழுத்தாள். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தாள். ரேடியோவில் ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒன்றாக வெடித்தன.

“போட்டுட்டான்! டெல்லு, உம் பையன் போட்டுட்டான்!”

அந்த ஆரவாரத்திலிருந்து யார் ஜெயித்தார்கள் என்று தெரியும். உதைத்தவன் எழுந்தானா என்று தெரியாது.

அவள் வீட்டுக்குள் ஓடினாள். பருவம் முழுக்க ஒரு தடவைகூட கோல்டன் பாயிண்டைப் பார்க்காதவள் டி.வி.யைப் போட்டாள். டி.வி. பிந்தியதில் ஒரு கொடுமை இருந்தது. வெளியே ரேடியோவில் முடிந்த விஷயம் இங்கே இன்னும் நடக்கவில்லை. டேன் பின்னால் நின்று பந்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்துவிட்டது என்று காது சொல்ல, இனிமேல்தான் இருக்கிறது என்று கண் சொல்ல, அவள் சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பந்து அவன் கைக்கு வந்தது. தரையைத் தொட்டது. உதைத்தான். தடுக்கப் பாய்ந்தவன் பந்தைத் தவறவிட்டு, வந்த வேகத்தில் அவன்மேல் உரசிக்கொண்டு போனான். பெரிய இடி என்று சொல்ல முடியாது. டேன் இடுப்பில் விழுந்து உருண்டான், தலை புல்லில் ஒரு முறை லேசாக மோதியது. பந்து கம்பங்களுக்கு நடுவே போயிற்று. நடுவர் விசில் ஊதினார்.

டேன் எழுந்தான். டெல்வீனுக்கு மூச்சு வந்தது.

அணியினர் அவனைத் தூக்க ஓடிவந்தார்கள். அவன் அவர்களைத் தாண்டி, யார் முகத்தையும் பார்க்காமல், மெதுவாகத் தன் பக்கத்துக்கு ஓடினான். வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்றான். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, எதிரணி பந்தை உதைத்து மறுபடி தொடங்கட்டும் என்று காத்திருந்தான்.

எதிரணிக்காரர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். டேன் அவர்களையே கவனமாகப் பார்த்தபடி நின்றான். வர்ணனையாளர்கள் சிரித்தார்கள். பையனுக்கு இன்னும் ஆசை அடங்கவில்லை என்றார் ஒருவர். பனிக்கட்டியைப் போலப் பதற்றமில்லாமல் இருக்கிறான் என்றார் மற்றவர். மைதானமே சிரித்தது. மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம்தான். முழங்காலில் கை ஊன்றிய வீரன், ஆட்டம் இன்னும் முடியவில்லை என்கிற முகம். ஊர் அதை வெட்டி கிளப் சுவரில் ஒட்டியது. அந்த முகத்தை எங்கே பார்த்தோம் என்று ஒருத்திக்குத்தான் தெரியும். நடையில், கையில் நாய்ச் சங்கிலியோடு.

உடை மாற்றும் அறையிலிருந்து டேன் ஃபோன் பண்ணினான். பின்னால் பாட்டும் கூச்சலும். பார்த்தியாம்மா என்றான். பார்த்தேன் என்றாள். அப்பாவும் ஃபோன் பண்ணினார் என்றான்.

“முடிஞ்ச அப்புறம் ஏன்டா அங்க போய் நின்னே?”

“சும்மா. தமாஷுக்கு.”

“டேன்.”

“தமாஷுக்குத்தாம்மா. எல்லாரும் சிரிச்சாங்க இல்ல?” பிறகு குரலை இறக்கிக்கொண்டான். “நீ சத்தியம் பண்ணியிருக்கே.”

ஃபோனை வைத்த பிறகு டெல்வீன் ஃப்ரிட்ஜின் முன்னால் நின்றாள். சொன்னால் பையனை இழக்கலாம், சொல்லாவிட்டாலும் இழக்கலாம். இரண்டில் எந்த விதமாக இழப்பது என்பது மட்டும்தான் அவளுக்கு விடப்பட்டிருந்தது. நம்பரை அழுத்தினாள். டாக்டர் எடுத்ததும், ஜெயித்ததற்கு வாழ்த்தத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, வாழ்த்துக்கு நன்றி என்று தொடங்கினார். அவள் இடைமறித்தாள்.

“ஆட்டம் முடிஞ்சது தெரியாமதான் எம் பையன் அங்க நின்னான். ரெண்டு வருஷம் முன்னாடி செத்துப்போன நாயப் போன மாசம் தேடினான். இதச் சொல்ல மாட்டேன்னு அவங்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்.”

அவன் இப்போது எந்த அறையில் இருக்கிறான், யாராவது கூட இருக்கிறார்களா என்று மட்டும் டாக்டர் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

டேனைப் பருவம் முடியும்வரை ஆடவிடாமல் உட்காரவைத்தார்கள். ஒப்பந்தத்தைப் பற்றிக் கிளப் பார்க்கலாம் என்றது. கிளப்புகளின் மொழியில் அதற்கு என்ன அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரியும். அவன் இல்லாமல் அணி அடுத்த கோல்டன் பாயிண்டில் தோற்றது. அன்றைக்கு மெஷின் ஓடவில்லை என்பதை ஊர் குறித்துக்கொண்டது. பள்ளிக்கூட வாசலில் ஒரு தகப்பன், மெஷினை ஓட்டக்கூட நேரமில்லாமல் உங்களுக்கு என்ன அவ்வளவு வேலை என்று டெல்வீனிடம் நேருக்கு நேராகவே கேட்டான். அவள் பலகையை உயர்த்தி அவன் காரைத் தேவைக்கு அதிகமாகவே நிற்கவைத்தாள். பயம் போய்விடவில்லை. ஞாயிறு மத்தியானங்களை விட்டுவிட்டு எல்லா நேரத்துக்கும் பரவியிருந்தது. ஃபோன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிட.

வாஸின் பெட்ரோலைத் திருப்ப வேண்டும் என்பது அந்தக் கலவரத்தில் மறந்தே போயிருந்தது. நினைவு வந்ததும் கேனை நிரப்பி எடுத்துப்போனாள்.

“எந்தப் பெட்ரோல்?” என்றார் வாஸ்.

அன்னிக்கு வேலிக்கு மேல கொடுத்தீங்களே என்றாள். அவர் சிரித்தார். விளையாடுறியா டெல்லு, நான் கொடுத்தால் எனக்குத் தெரியாதா என்றார். பிறகு, சேற்றில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அவள் கேனை அவர் கேட்டருகே வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் அவரே அதைத் தூக்கிக்கொண்டு வந்தார், உன் கேன் என் வாசலில் கிடந்தது, திருட்டுப் போயிருக்கும் என்று அக்கறையோடு.

அக்டோபரில், வெகு நாள் பேசாமல் இருந்துவிட்டு, டேன் வந்தான். கோபம் ஆறி வந்ததாகத் தோன்றவில்லை. துணி எடுக்க வந்தேன் என்றான். வசந்தம் வந்து பின்புறத்தில் நிஜமாகவே புல் முளைத்திருந்தது. அவன் படியில் நின்றிருந்தபோதுதான் வாஸ் மறுபடி கேனோடு வேலிக்கு வந்தார். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. காது தொங்கிய கதையைச் சொன்னார். முடித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, முதலிலிருந்து சொன்னார்.

டேன் இரண்டு தடவையும் முழுக்கக் கேட்டான். அவர் உள்ளே போன பிறகும் வேலியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“எப்ப இருந்தும்மா இப்படி?”

“நீ சின்னப் பையனா இருந்தப்பவே ஆரம்பிச்சிடுச்சு. நாங்க தமாஷுன்னு நெனச்சோம்.”

அவன் துணியை எடுக்கவில்லை. டீ போடச் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தான்.

கேன் இப்போதைக்கு டெல்வீனின் கொட்டகையில் இருக்கிறது, நிறைந்து. திருப்பிக் கொடுக்க அவள் இன்னும் முயன்றுகொண்டுதான் இருக்கிறாள்.