நூர்விகாவில் மாமா கை நனைத்த நாள்

நேற்று ஒரு பார்சல் வந்தது. பிரித்ததும் என் வீட்டுக்காரர் ஒரு துண்டை எடுத்துத் தட்டிப் பார்த்து, "என்ன இது, விறகா?" என்றார். விறகில்லை, மீன். நார்வேயிலிருந்து என் தோழி செல்வி வருஷா வருஷம் அனுப்பும் கருவாடு. அம்மிக்குழவியால் நாலு போடு போட்டால்தான் வழிக்கு வரும். உப்பே போடாமல் குளிர்காற்றில் காயவைத்தது. உப்பில்லாமல் கருவாடா என்று நீங்களும் சிரிப்பீர்கள். செல்வியின் தாய்மாமன் கருப்பையா இப்படித்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது பாம்பனில் ஒரு பிரவுசிங் சென்டரில் நானும் செல்வியும் வேலை பார்த்தோம். நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு மின்விசிறி. பிரிண்ட் எடுத்தால் விசிறியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் காகிதம் பறந்து பாலத்தைத் தாண்டிப் போய்விடும். செல்விக்கு ஒரு வரன் வந்திருந்தது. பெயர் சேகர். இந்தக் கரையில் பிறந்து, கப்பலில் வேலைக்குப் போய், கடைசியில் நார்வேயின் வடகோடியில் நூர்விகா என்ற சிற்றூரில் ஒரு மீன் கம்பெனியில் நிலைத்துவிட்டவர். போட்டோ அனுப்பத்தான் ஈமெயில் முகவரி கொடுத்தார்கள். போட்டோவுக்கு ஒரு பதில், பதிலுக்கு ஒரு பதில் என்று மூன்று மாதம் ஓடியது. செல்வி தனியாகச் சிரித்துக்கொண்டே டைப் அடிப்பாள். அவரைத் தவிர யாரையும் கட்ட மாட்டாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

எங்கள் பக்கம் பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவார்கள். ஒற்றைப்படையில்தான் ஆள் போக வேண்டும். மனசுக்குப் பிடித்தால் அங்கே கை நனைப்பார்கள், அதாவது சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுவார்கள். அதோடு பேச்சு முடிந்தது. சேகருக்குப் பெற்றவர்கள் இல்லை, இங்கே வீடும் இல்லை. செல்விக்கோ அப்பா இல்லை, மாமா வைத்ததுதான் சட்டம்.

"வீடு பாக்காம பொண்ணு குடுக்க ஏலாது" என்றார் மாமா.

நான் சும்மா இருந்திருக்கலாம். "கம்ப்யூட்டர்ல ஊரையே பாக்கலாம் மாமா" என்று வாயை விட்டேன்.

வெள்ளிக்கிழமை, ராகுகாலம் கழிந்து பன்னிரண்டேகால். ஒன்பது பேர் வந்தார்கள். பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கு. தாம்பாளத்தை வைக்க இடமில்லாமல் மானிட்டர் தலையில் வைத்தார்கள். வாசலில் ஒன்பது ஜோடிச் செருப்பைப் பார்த்த எதிர்க்கடைக்காரர், என்னமோ ஏதோ என்று ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனார். வீடு பார்க்கும் இடத்துக்குப் பெண் வரக் கூடாது. ஆனால் அவள் வேலை பார்க்கும் இடமே அதுதான், எங்கே போவாள்? பிரிண்டருக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டாள். மாப்பிள்ளை வீட்டுக்காரி நான்தான். ஒரு தட்டு நிறைய உளுந்தவடையும் ஒன்பது டீயும் வாங்கி வைத்திருந்தேன்.

நூர்விகா ஊராட்சியின் பக்கத்தைத் திறந்தேன். அந்தக் கால இணையம் உங்களுக்கு நினைவிருக்கும். படம் மேலிருந்து கீழே நூல் நூலாக இறங்கும். முதலில் வானம். அப்புறமும் வானம். பிறகு ஒரு மலையின் உச்சி.

"கடல் எப்ப வரும்?" என்றார் மாமா.

"வரும் மாமா. இன்னும் மலையே முடியல."

"அது வடகடலா, தென்கடலா?"

எங்கள் தீவுக்காரர்களுக்கு உலகத்தில் இந்த இரண்டு கடல்தான். "வடகடல் மாமா. வடகடலுக்கும் வடக்க" என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். கடலும் வந்தது. கரையில் சிவப்பு, மஞ்சளாக வீடுகள், ஒரு தேவாலயம், நம்மூர் போலவே ஒரு பாலம். பாலத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரு தெம்பு. ஊராட்சியின் சின்னம் மூன்று தூண்டில் முள் என்று நான் சொன்னதும் மாமா மீசையைத் தடவினார். மணம் பேசி முடித்த மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மரத்தையே காணோமே" என்றார் அத்தை.

"பனிக்குள்ள இருக்கும் அத்தை" என்று அளந்துவிட்டேன். அடுத்த நிமிஷமே, ஆங்கிலத்தில் இருந்த பகுதியைத் தமிழில் சொல்லும் வேகத்தில், "இவ்வூரில் மரங்கள் வளர்வதில்லை" என்று நானே முழங்கினேன். பிரிண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து என் காலைக் கிள்ளியது.

"அம்மை போட்டா வேப்பிலைக்கு எங்க போறது?" அத்தை பதறினார். அங்கே குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே வராது என்றதும் இன்னும் மோசம். "பொழுது விடியாட்டி ராகுகாலம் எப்படிப் பாக்குறது?"

"அடியே, பொழுதே விடியலன்னா ராகுகாலமே கெடையாதுல்ல. ரெண்டு மாசமும் நல்ல நேரந்தான்" என்றார் மாமா. மற்ற எட்டுப் பேரும் குலுங்கிச் சிரித்தார்கள், மானிட்டர் மேலிருந்து ஒரு வாழைப்பழம் விழுந்தது.

அந்தச் சிரிப்போடு நான் நிறுத்தியிருக்கலாம். உப்பில்லாத கருவாட்டைப் பற்றிப் படித்தேன். மாமாவும் சிரித்தார், ஆனால் இது வேறு சிரிப்பு. "உப்பில்லாமக் கருவாடா? புழுத்துல்ல போகும்! எவனோ பொய்ய எழுதி வச்சிருக்கான். ஏத்தா, இதே பொய்யின்னா மத்ததும் பொய்தான?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வடையை ஒரு ஈகூடத் தொடவில்லை. டீ ஆடை கட்டிவிட்டது. செல்வியின் விசும்பல் எனக்குக் கேட்டது.

என்ன செய்வதென்று தெரியாமல் மிச்சத்தையும் கடகடவென்று படித்தேன், அவரை நிறுத்த வேறு வழியில்லை. அது ஊரின் வரலாறு. இரண்டாம் உலக யுத்தத்தில் பின்வாங்கிய எதிரிப் பட்டாளம் நூர்விகாவில் ஒரு வீடு விடாமல் கொளுத்திவிட்டுப் போயிருக்கிறது. தேவாலயம் மட்டும் மிச்சம். சனங்களைத் தெற்கே கொண்டுபோய் வைத்து, இப்போது திரும்பாதீர்கள் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அடுத்த கோடையிலேயே அவர்கள் படகேறி வந்து, கவிழ்த்த படகுக்கு அடியில் குடியிருந்துகொண்டு வீடு கட்டியிருக்கிறார்கள்.

மாமா வாசலில் நின்றுவிட்டார். அவர் பிறந்தது தனுஷ்கோடி. புயல் கொண்டுபோன பிறகு, இனி இங்கே குடியிருக்க லாயக்கில்லை என்று அரசாங்கம் எழுதிக் கைவிட்ட ஊர். அவருடைய அய்யா அந்த மணலைப் பார்த்து உட்கார்ந்தே செத்தார் என்று செல்வி சொல்லியிருக்கிறாள்.

"வராதேன்னு சொல்லியும் வந்தாங்களா?"

"வந்தாங்க மாமா."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்" என்றேன். அது அந்தப் பக்கத்தில் இல்லை. இந்தப் பொய்க்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

மாமா திரும்பி வந்தார். நின்றபடியே ஒரு வடையை எடுத்துப் பிட்டு வாயில் போட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். அத்தை குலவை போட்டார். பிரவுசிங் சென்டரில் குலவை! எதிர்க்கடைக்காரர் மறுபடி ஓடி வந்தார். அவருக்கும் ஒரு வடை கொடுத்தோம்.

கல்யாணமாகிப் போன செல்வி, முதல் வருஷமே மாமாவுக்கு அந்தக் கருவாட்டை அனுப்பினாள். முகர்ந்தார், கடித்தார், "பல்லு போச்சு. ஆனா எழுதுனவன் பொய் சொல்லல" என்றார்.

அந்தப் பிரவுசிங் சென்டர் இப்போது பிரியாணிக்கடை. நேற்று பார்சலைப் பார்த்த ஆசையில், போனில் நூர்விகாவின் பக்கத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. செல்வியைக் கூப்பிட்டேன்.

"அதைப் பக்கத்து ஊரோட சேத்துப்புட்டாங்கடி. வீடெல்லாம் அங்கனதான் இருக்கு, ஊராட்சிதான் இல்ல. கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டாங்க. நானும் எந்திரிச்சுப் பேசுனேன்."

"என்ன பேசுன?"

"எங்க மாமா கை நனைச்சது நூர்விகாவுக்கு. பக்கத்து ஊருக்கு இல்லன்னு."

"அவங்களுக்குப் புரிஞ்சுதா?"

"ஒருத்தருக்கும் புரியல. ஆனா எல்லாரும் கை தட்டுனாங்க."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் போனை வைத்தோம். மாமா போன மாசிக்குத்தான் போய்ச் சேர்ந்தார். சாயங்காலம் கருவாட்டை உடைத்துக் குழம்பு வைத்தேன். வருஷா வருஷம் மாமா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம்போல, அவருக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது.