எண்ணாமல் ஏற்றிய மூட்டைகள்

வாரம் தவறாமல் மதுரைக்கும் ஊருக்குமாகப் பஸ்ஸில் போய்வருகிறவள் நான். விடுதியில் என்னோடு தங்கிப் படிக்கும் பெண்கள் ஊருக்குப் போய்த் திரும்பினால், மறுநாள் முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். ஒருத்தி குடையை எங்கோ விட்டிருப்பாள். ஒருத்தி நிலக்கோட்டைப் பிரிவு தாண்டுவதற்குள் வாந்தியெடுத்திருப்பாள். உனக்கு மட்டும் எப்படி ஒன்றும் ஆவதில்லை என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. திண்டுக்கல்லிலிருந்து காலையில் கிளம்பினால் வலது பக்கம் உட்கார வேண்டும், வெயில் இடது பக்கம்தான் அடிக்கும். சாயங்காலம் திரும்பும்போதும் அதே வலது பக்கம். பின்சக்கரத்துக்கு மேலே உட்காரக் கூடாது. பசியோடும் ஏறக் கூடாது, வயிறு முட்டத் தின்றுவிட்டும் ஏறக் கூடாது. புது ஊருக்குப் போனால் கண்டக்டரை மட்டும் நம்பாமல், அந்த ஊரில் இறங்குகிற ஆள் யாரென்று பார்த்து அவர் பக்கத்தில் இடம் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறும்போது சாமானை எண்ண வேண்டும். இறங்கும்போதும் எண்ண வேண்டும்.

இதில் ஒன்றுகூட நானாகக் கண்டுபிடித்தது இல்லை. எல்லாம் என் மாமா சொன்னவை. அம்மாவின் தம்பியான அவர் தேங்காய் வியாபாரி. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலைக்குத் தேங்காய் கொண்டுபோவார். திரும்பும்போது பூண்டும் உருளைக்கிழங்கும் கொண்டுவருவார். ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் யார் வெளியூர் கிளம்பினாலும் முந்தின நாள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். எந்த பஸ் நேரத்துக்கு வரும், எந்த ரயிலில் கூட்டம் இருக்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் பஸ்ஸைத் தவறவிட்டதாகவோ ஒரு துண்டையாவது தொலைத்ததாகவோ கதையில்கூட யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு மூட்டையை மறந்தார்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான்தான். அந்தக் கர்வம் எனக்குத் தலைக்கு மேலே ஒரு முழம் இருந்தது. அக்காவுக்குத் திருமங்கலத்துப் பக்கம் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பங்குனியில் திருவிழாவுக்கென்று வந்தவள் திரும்பிப் போகவில்லை. அங்கே அவளுடைய மாமியாரின் வாய்க்கு ஊரே பயப்படும் என்று பேசிக்கொண்டார்கள். அத்தான் நல்லவர், ஆனால் வீட்டுக்குள் வாயைத் திறக்காதவர். அங்கிருந்து ஒருவரும் வந்து அவளைக் கூப்பிடவில்லை.

ஆனி முடியப்போகும்போது அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஆடி பிறந்துவிட்டால் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். இன்னும் ஒரு மாதம் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"அவுக வந்து கூப்பிடாம நாமளாக் கொண்டுபோயி விட்டா, காலத்துக்கும் அவளுக்கு அங்கன மரியாதை இருக்காது" என்றாள் அம்மா.

"வராட்டி? கெழவியாகுற வரைக்கும் இங்கனயே உக்காந்திருப்பாளா? ஆனி கடைசிக்குள்ள கொண்டுபோயி விடுறேன். அம்புட்டுத்தேன்" என்றார் அப்பா.

அக்கா அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையோடு காம்பையும் சேர்த்துச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அதைக்கூட நான்தான் சுட்டிக்காட்டினேன்.

ஆனி கடைசி நாளில் நல்ல நேரம் விடியற்காலையிலேயே முடிந்துவிட்டது. பஸ்ஸோ வெயில் ஏறிய பிறகுதான் வரும். இதற்கெல்லாம் எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. நல்ல நேரத்தில் ஒரு மூட்டையை மட்டும் வாசல் தாண்டி அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் புறப்பட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு சாவகாசமாகக் கிளம்பலாம். அன்று அப்படி வைத்தது வரிசை மூட்டை. சம்பந்தி அம்மாவுக்குப் புதுச்சேலை, அதிரசம், முறுக்கு, மஞ்சள், வெற்றிலை பாக்கு எல்லாம் அதற்குள் இருந்தன. அப்பாவே தூக்கிப்போய்ப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டு வந்தார். கிளம்பும்போது அதை எடுத்துவருவது மாமாவின் பொறுப்பு.

அப்பா, மாமா, அக்கா, நான் என்று நாலு பேர் கிளம்பினோம். ரயில் நிலையத்துப் பலகைகளைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டாமா என்று சொல்லி நான் ஒட்டிக்கொண்டேன். மாமா பக்கத்து வீட்டுக்குள் போனார். செத்த நேரம் பேச்சுக் குரல் கேட்டது. அத்தை ஏதோ சொல்லிச் சிரித்தாள். வெறுங்கையை வீசிக்கொண்டு வெளியே வந்தவர், "ஏத்தா, பஸ்சு வந்துருச்சு, ஓடியா" என்று என்னைப் பிடித்து இழுத்தார்.

பஸ்ஸில் ஏறியதும் நான் என் வேலையைத் தொடங்கினேன். "ட்ரங்குப் பெட்டி ஒண்ணு, தூக்குச்சட்டி ரெண்டு…" அதற்குமேல் எண்ண முடியவில்லை. மாமா மடியிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்து என் வாயில் போட்டுவிட்டார். கமர்கட்டு வாயில் இருக்கும்போது பேச முடியாது. அது கரைவதற்குள் திண்டுக்கல் வந்துவிட்டது. இறங்கும்போது இன்னொன்று. மாமாவுக்கு என் மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரயில் நிலையத்தில் பாசஞ்சர் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. வாய் காலியானதும் நான் விட்ட இடத்திலிருந்து எண்ணினேன்.

"அப்பா, வரிசை மூட்டை எங்க?"

அப்பா பெட்டிக்குப் பின்னால் பார்த்தார். பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"அய்யய்யோ மச்சான்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் மாமா. "வாய் பாத்துக்கிட்டே வந்துட்டனே!"

"ஏலே, ஊரு ஊராச் சுத்துறவன்னு ஒன்னய நம்புனேன் பாரு! ஒத்த மூட்டை! அத எடுத்தார துப்பில்ல, ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுதாம்!"

"திட்டாதீக மச்சான். எல்லாரும் இங்கனயே இருங்க. நான் ஒரே ஓட்டமா ஓடிப்போயி எடுத்தாரேன்."

"நீ போயி வாரதுக்குள்ள வண்டி மதுரையத் தாண்டிரும். அடுத்த வண்டியில போனா அங்க விளக்கு வச்சுருவாக. விளக்கு வச்ச பெறகு பிள்ளையக் கொண்டுபோயி வாசல்ல நிறுத்தவா?"

"அப்ப வெறுங்கையோடயே…"

"வெறுங்கையோடயா? பிச்சைக்காரன் வந்துட்டான்னு அந்தம்மா தெருவுக்கே கேக்கக் கத்தவா?"

"அப்ப நாளைக்கு…"

"நாளைக்கு ஆடிடா!"

அப்பா ட்ரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். ரயில் வந்து நின்றது, போனது. அக்கா தூணில் சாய்ந்து அது போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் அழவில்லை.

திரும்பி பஸ் நிலையத்துக்கு நடக்கும் வழியில் அப்பா ஒரு பூக்காரியிடம் நின்றார். இரண்டு முழம் மல்லிகை வாங்கி அக்காவிடம் நீட்டினார். அவர் யாருக்காவது பூ வாங்கி நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கும் ஒரு கண்ணி கேட்டேன். "ஒனக்குத்தேன் கமர்கட்டு குடுத்தாச்சே" என்றார் மாமா.

உச்சி வெயிலில் வீடு வந்து சேர்ந்தோம். அம்மா எங்களைப் பார்த்து ஓவென்று சத்தம் போட்டாள். தம்பியைத் திட்டினாள், கிரகத்தைத் திட்டினாள். திட்டி முடித்துக் கையலம்பச் சொன்னாள். நாலு பேருக்கும் சுடுசோறும் கத்திரிக்காய் வெஞ்சனமும் தயாராக இருந்தன. எனக்கு இருந்த பசியில், அவள் ஒருத்திக்கு எதற்கு அவ்வளவு பெரிய பானை என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்றோடு மாமாவின் பேர் கெட்டது. தேங்காய்ச் சாக்குகளோடு அவர் பஸ்ஸுக்கு நின்றால், "ஏப்பா யாவாரி, எல்லாம் எண்ணிட்டியா? பொஞ்சாதிய எங்கயும் விட்டுறாத" என்பார்கள். "அத நீங்க பாத்துக்கங்கப்பு" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். அதன் பிறகு வெளியூர் போகிறவர்கள் யாரும் அவரிடம் வந்து கேட்கவில்லை.

ஆடியில் அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஆவணி பிறந்த வாரத்தில் ஒருநாள் அத்தான் தனியாக வந்து இறங்கினார். இரண்டு நாள் தங்கினார். அப்பாவோடு தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சினார். மூன்றாம் நாள் காலையில் அம்மா, அக்கா எல்லாருக்கும் காதில் விழும்படியாகவே, "தனி அடுப்பு வச்சுக்குவோம்த்தை. அவளக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அன்றைக்கு அக்கா தன் பெட்டியைத் தானே அடுக்கினாள்.

அந்த மாதத்தில்தான் எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து, பயணத்தில் கவனிக்க வேண்டியவை பற்றிப் பேச வேண்டியிருந்தது. எங்கள் டீச்சர் தினமும் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். கல்யாணமாகி, இப்போது தனியாக இருக்கிறவர் என்று சொல்வார்கள். நான் மாமாவின் யோசனைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, எவ்வளவு கெட்டிக்காரரானாலும் சாமானை எண்ணாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் கதையையே உதாரணமாகச் சொன்னேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "உங்க அக்கா இப்ப நல்லா இருக்காளா?" என்று கேட்டார்.

மூட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அக்காவைப் பற்றி எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.