எந்த நாட்டு மிலிட்டரி

டயாலிசிஸ் வார்டின் ஜன்னலோரம், போனைக் காதில் வைத்தபடி அவள் நின்றிருந்த கோலம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவளுடைய மொழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு கேட்டுக்கொண்டே நின்றாள். போனை வைத்துவிட்டு வந்து, கட்டிலில் இருந்த பெரியவரின் கையிலிருந்து ஊசியை எடுத்து, ரத்தம் நிற்கும்வரை பஞ்சை அழுத்திப் பிடித்தாள். அதற்குப் பிறகுதான் என்னிடம் சொன்னாள்: "தம்பி போயிட்டான்க்கா." ராணுவத்தில் இருந்த தம்பி. வடக்கு எல்லையில் பனி சரிந்துவிட்டதாம்.

அவள் மிசோரம்காரி. திருவண்ணாமலையில் நாங்கள் இருவரும் ஒரே தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வேங்கிக்காலில் ஒரே அறை. வந்த புதிதில் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவள், பிறகு ஆட்டோக்காரரிடம் "ஜாஸ்தி கேக்குறீங்க, கம்மி பண்ணுங்க" என்று சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். கிரிவலப் பாதையில் வெள்ளைக்காரர்கள் நடமாடுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. அவர்களிடம் கேட்பதைப் போலவே இவளிடமும் எந்த நாடு என்று கேட்பார்கள். "இந்தியாதாங்க" என்று சிரிப்பாள். நோயாளிகளுக்கு அவள் 'சைனா சிஸ்டர்'. பாசமாகத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். அதனாலேயே அவளால் யாரிடமும் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

அன்று அவளை விமானம் ஏற்றிவிட நானும் சென்னை பஸ்ஸில் கூடப் போனேன். கீழ்பென்னாத்தூரில் ஏறிய ஒரு அம்மாள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா அழுவுது இந்தப் பொண்ணு?" என்று என்னிடம் கேட்டார்.

"தம்பி மிலிட்டரில இருந்தாரு. செத்துட்டாரு."

"ஐயோ, பெத்த வயிறு என்னா பாடு படும்! எந்த நாட்டு மிலிட்டரி?"

எப்போதும் உடனே பதில் சொல்கிறவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நம்முளுதுதாம்மா" என்றேன் நான். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, செஞ்சியில் இறங்கும்வரை தடவிக்கொண்டே வந்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஊருக்குப் போனவள் வேலைக்குத் திரும்பவில்லை. "கொடி போத்திதான்க்கா கொண்டாந்தாங்க" என்று ஒருமுறை போனில் சொன்னாள். மூவர்ணக் கொடி சவப்பெட்டியின்மேல் கிடந்தபோது யாரும் அவன் முகத்தைப் பார்த்து நாடு கேட்டிருக்க மாட்டார்கள். உயிரோடு ரயிலில் போனபோது எத்தனை பேர் கேட்டார்களோ. சில நாட்கள் வார்டில் தனியாக இருக்கும்போது, அந்த அம்மாளின் குரல் என் காதருகே கேட்பதுபோல் இருக்கும். அந்தக் குரலில் இரக்கத்தைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

போன வாரம் பேசினாள். எப்போது வருகிறாய் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பேச்சின் நடுவே அவள் வீட்டில் யாரோ அவர்கள் மொழியில் அவளைக் கூப்பிட்டார்கள். "இதோ வரேங்க" என்று அவள் தமிழில் குரல் கொடுத்தாள். பிறகு அதையே அவர்கள் மொழியில் ஒருமுறை சொன்னாள்.